மல்லிக் கோப்பி

காத்தான்குடி
08.09.2024

முப்லிஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது கடமை, அதனால் சொல்கிறேன். நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் உன் வயிற்றில் இருப்பது எங்கள் குடும்பத்துப் பிள்ளை.

போன வருடம் உன் வீட்டில் நடந்த சண்டைக்குப் பிறகு என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். வேறு ஆளின் போனில் எடுத்தாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். ஆகவே தபால்காரனை நம்பி எழுதுகிறேன். இதையும் கிழித்துப் போட்டாய் என்றால் மறுமையில் பேசிக்கொள்ளலாம்.

நீ மறுபடி பிள்ளை உண்டாகியிருப்பதை, லீவில் வந்து போன என் தம்பி றம்ஸீன் கட்டாரிலிருந்து சொன்னான். மூன்றாம் மாதமாம். சொல்லும்போது அவன் குரலில் சந்தோஷத்தை விடப் பயம்தான் கூட இருந்தது. முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போனபோது அவன் அங்கே தனியறையில் கிடந்து அழுததை நீ பார்க்கவில்லை. நான் போனில் கேட்டேன்.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். கோப்பியைத் தொடாதே. அன்று உன் குசினியில் கழுவாமல் கிடந்த கோப்பையை நான் கண்ணால் கண்டேன். ஏதாவது சூடாகக் குடிக்க வேண்டும் என்றால் இத்துடன் எங்கள் மில்லின் பச்சைப் பக்கற்றுகள் அனுப்பியிருக்கிறேன், போன தடவை அனுப்பிய அதே மல்லிக் கோப்பி. பெயரில்தான் கோப்பி, உள்ளே வறுத்த கொத்தமல்லி, சுக்கு, மிளகு. வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கு என்றே என் புருஷன் ஹலீம் காக்கா அரைப்பது. என் மகள் நிஸ்றாவும் இப்போது உன்னைப் போல்தான், ஒன்றரை மாதம் பிந்தி. அவளுக்கும் காலை, பகல், மாலை இதைத்தான் கொடுக்கிறேன்.

வஸ்ஸலாம்.
உன் புருஷனின் ராத்தா,
நஸீறா


ஏறாவூர்
20.09.2024

மதினிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். வாப்பாவுக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, உம்மா சுகம். என்னை நீங்கள் விசாரிக்கவில்லை, என் வயிற்றைத்தான் விசாரித்தீர்கள். அதுவும் சுகம்.

பிள்ளை போய் மூன்றாம் நாள். என் வீட்டுப் பாயில் தெருப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். எனக்கு இன்னும் இரத்தம் நிற்கவில்லை. நீங்கள் குசினியிலிருந்து அந்தக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். "பாருங்க, புள்ளையக் கோப்பில கரைச்சிக் குடிச்சிட்டாள்" என்று சொன்னீர்கள். இன்றைக்கும் கடைக்குப் போனால் அந்தப் பெண்கள் என் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

நான் குடித்தது காலையில் ஒரு கோப்பை. மிச்ச நேரமெல்லாம் நீங்கள் அனுப்பிய மல்லிதான். ஆஸ்பத்திரி டொக்டரிடம் கேட்டேன். "ஒண்டு ரெண்டு கோப்பைக்குப் பயப்பட வேண்டாம், அதுக்கு மேல போகாம இருந்தாச் சரி. இது ஏன் நடந்தது எண்டு எங்களாலயே சொல்ல ஏலாது" என்றார். சொல்ல ஏலாததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

இந்தத் தடவை அந்த ஒரு கோப்பையையும் விட்டுவிட்டேன். உங்களுக்காக அல்ல. பக்கற்றுகள் கிடைத்தன.

வஸ்ஸலாம்.
முப்லிஹா


காத்தான்குடி
02.10.2024

முப்லிஹாவுக்கு,

ஸலாம். சுகம்தானே.

விட்டுவிட்டேன் என்று எனக்கு எழுதுகிறாய். உங்கள் தெருவுக்குச் சேலை விற்க வரும் மனுஷி எங்கள் வீட்டுக்கும் வருகிறாள் என்பது உனக்குத் தெரியாது. போன கிழமை சந்திக் கடையில் நீ கோப்பித்தூள் வாங்கியதை அவள் பார்த்திருக்கிறாள். நான் கேட்காமலே சொன்னாள்.

டொக்டருக்கு என்ன? அவருக்கு நாளைக்கு வேறு நோயாளி. எங்களுக்கு இருப்பது ஒரே தம்பி. உங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக அனுப்பி வைத்தோம், அவனுடைய சம்பளமும் அங்கேதான் வருகிறது. ஒரு பிள்ளையையாவது உயிரோடு கையில் கொடு என்று கேட்பது பெரிய குற்றமா?

றம்ஸீனிடமும் சொல்லிவிட்டேன்.

நஸீறா


ஏறாவூர்
25.10.2024

மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். நிஸ்றாவுக்கு விசேஷமாக.

அந்தக் கோப்பித்தூள் வாப்பாவுக்கு. ஆதம்பாவா என்ற மனுஷன் நாற்பது வருடமாகக் கோப்பி குடிக்கிறார் என்பது ஏறாவூர் முழுக்கத் தெரியும். சேலைக்காரிக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது. உங்கள் தம்பி எடுத்து, "உண்மையச் சொல்லு முப்லிஹா" என்றார். கலியாணம் முடித்து நாலு வருடத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. உங்களுக்கு நன்றி.

கிளினிக்குக்குப் போனேன். இந்தத் தடவையும் நித்திரை இல்லை, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. மிட்வைஃப் மிஸ்ஸி நாடி பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தன கோப்பி குடிக்கிறீங்க?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அவரும் நம்பாத மாதிரித்தான் பார்த்தார்.

நான் குடிப்பது உங்கள் பச்சைப் பக்கற்று மட்டும். கோப்பி நினைவு வரும்போதெல்லாம் அதைத்தான் கலக்கிறேன். சில நாள் ஐந்து தரம். இப்போது திருப்திதானே?

முப்லிஹா


காத்தான்குடி
10.11.2024

முப்லிஹாவுக்கு,

ஸலாம்.

நித்திரை வரவில்லை என்றால் அதற்கு ஏன் எனக்கு எழுத வேண்டும்? மனதில் ஒன்றை மறைத்து வைத்திருப்பவளுக்கு நித்திரை வராதுதான். நிஸ்றாவும்தான் விடிய விடியப் புரண்டு படுக்கிறாள். அவள் அதை ஊருக்கெல்லாம் எழுதவில்லை. பிள்ளை வயிற்றில் இருந்தால் அப்படித்தான்.

மல்லி முடிந்தால் சொல். லொறி ஏறாவூர்ப் பக்கம் வரும்போது கொடுத்துவிடுகிறேன்.

நஸீறா


ஏறாவூர்
06.12.2024

மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வெள்ளத்தில் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? எங்களுக்கு வாவித் தண்ணீர் முற்றம் வரை ஏறி வந்து, படியோடு நின்று திரும்பிவிட்டது. நாங்கள் தப்பினோம். உங்கள் எல்லோருடைய சுகத்தையும் எழுதுங்கள்.

இந்தக் கடிதத்தைக் கோபம் இல்லாமல் வாசியுங்கள். நானும் கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வெள்ளத்தோடு றோட்டு மூடிவிட்டது. கடையில் சாமான் இல்லை, பச்சைப் பக்கற்றும் முடிந்துவிட்டது. இரண்டாம் நாள் எனக்குத் தலையிடி தொடங்கியது. கண்ணுக்குப் பின்னாலிருந்து பிடரிக்கு இழுக்கிற தலையிடி. பெனடோலுக்கும் அடங்கவில்லை. மதினி, அந்தத் தலையிடியை எனக்குத் தெரியும். முன்பு நோன்பு தொடங்கும்போதெல்லாம் வருவது. கோப்பி குடிக்கிறவள் திடீரென்று நிறுத்தினால் வருவது. நானோ செப்டம்பரிலிருந்து கோப்பியைத் தொடவே இல்லை.

நாலாம் நாள் தலையிடி விட்டது. அன்றைக்குப் படுத்தவள் பகல் வரை தூங்கினேன். உம்மா பயந்து எழுப்பினார். படபடப்பும் இல்லை. றோட்டுத் திறந்து பக்கற்று வந்தது. ஆசையில் ஒரு கோப்பை குடித்தேன். அன்றைக்குப் பழையபடி நித்திரை இல்லை.

அதற்குள் கோப்பி இருக்கிறது. சுக்கும் மிளகும் வாசனையை மூடிவிடுகின்றன. ஹலீம் காக்காவிடம் கேளுங்கள். கேட்கும் வரை நிஸ்றாவுக்குக் கொடுக்காதீர்கள். அவளும் தூங்குவதில்லை என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். எனக்கும் உங்களுக்கும் இருப்பதை அவள் தலையில் போட வேண்டாம்.

முப்லிஹா


காத்தான்குடி
12.12.2024

முப்லிஹா,

உன் கடிதத்தை ஹலீம் காக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பிள்ளையைத் தின்ற பழியைக் கழுவுவதற்கு எங்கள் அடுப்பு வரை வந்துவிட்டாய். அந்த மில்லால்தான் றம்ஸீன் படித்தான். அந்த மில்லால்தான் அவனுக்கு விசாவும் வந்தது. அதில் மண் அள்ளிப் போடுகிறாய். நிஸ்றாவின் வயிறு நன்றாக வளர்கிறது என்று உனக்குக் கண்ணூறு. வேறொன்றும் இல்லை.

இதை எழுதும்போது அவள் என் பக்கத்தில்தான் இருக்கிறாள். என் கையால் ஒரு கோப்பை மல்லி கலந்து கொடுத்திருக்கிறேன். முழுவதையும் குடித்துவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ்.

இனி எனக்கு எழுதாதே. றம்ஸீனுக்கு இன்னொரு பெண் கிடைக்காமல் போகாது.

நஸீறா


ஏறாவூர்
20.12.2024

மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எழுத வேண்டாம் என்றீர்கள். இது கடைசி.

மூன்று நாள் மட்டும் நிஸ்றாவுக்கு அதை நிறுத்திப் பாருங்கள். பிளேன்டியும் கொடுக்க வேண்டாம், தேயிலையும் கோப்பியைப் போல்தான். தலை இடிக்கவில்லை என்றால் நான் பொய்காரி. உங்கள் தெருவில் வந்து நின்று, எல்லோரும் பார்க்க மன்னிப்புக் கேட்கிறேன்.

தலை இடித்தால் ஒன்றை மட்டும் யோசியுங்கள். கோப்பிதான் என் பிள்ளையைக் கொன்றது என்று நாற்பது பெண்கள் முன் தீர்ப்புச் சொன்னது நீங்கள். சரி, உங்கள் தீர்ப்பையே எடுத்துக்கொள்வோம். காலையில் குடித்த ஒரு கோப்பை என்னுடையது. மிச்ச நாலைந்து கோப்பை யாருடையது?

முப்லிஹா


காத்தான்குடி
14.02.2025

முப்லிஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கு இப்போது எட்டாம் மாதம். கால் வீங்குகிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்று எழுது. எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று நீ கேட்க மாட்டாய். நானே சொல்கிறேன்.

உன்னைப் பொய்காரியாக்க வேண்டும் என்றுதான் நிஸ்றாவுக்கு மல்லியை நிறுத்தினேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இரண்டாம் நாள் சுபஹுக்கு எழும்பியவள் தலையைப் பிடித்துக்கொண்டு குசினியில் குந்திவிட்டாள். "உம்மா, மண்ட வெடிக்கிற மாதிரி இரிக்கி. ஒரு கோப்ப மல்லி தாங்க, அதக் குடிச்சாத்தான் இது விடும்" என்று அழுதாள். நான் சட்டியைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே நின்றேன். கொத்தமல்லியை விட்டதற்காக யாருக்கும் தலை இடித்ததை நான் கேள்விப்பட்டதில்லை.

அபாயாவைப் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனேன். இருபத்திரண்டு வருடத்தில் அரைக்கிற அறைக்குள் நான் போனதே இல்லை. ஆம்பிளையள் வேலை செய்கிற இடம். மல்லி வறுக்கிற பெரிய தாச்சி அடுப்பில் இருந்தது. மல்லிக்கு நடுவில் கறுப்புக் கொட்டைகள்.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"வில போகாத கோப்பிக் கொட்ட. கொஞ்சந்தான் போடுறன். வெறும் மல்லிய யாரு ரெண்டாந்தரம் வாங்குவா? இதக் குடிச்சா ஒடம்பு உசாராகுது எண்டு சொல்லித்தானே வாறாங்க."

"எப்பயிலிருந்து?"

"ரெண்டு மூணு வருஷமாத்தான். ஒனக்கென்ன இப்ப?"

"முப்லிஹாட முதப் புள்ளைக்கும் இதத்தானா அனுப்பின?"

அவர் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தார். முகத்தைத் திருப்பவில்லை. "நான் எங்க அனுப்பின? நீதானே அனுப்பின" என்றார்.

நான் திரும்பி வந்துவிட்டேன். வழியில் என்னோடு பேசிய ஆட்களுக்கு என்ன பதில் சொன்னேன் என்று தெரியவில்லை.

வீட்டில் நிஸ்றாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால முப்லிஹா மாமியச் சொன்னீங்களே, அதே மாதிரி இப்ப வாப்பாவச் சொல்லுவீங்களா? ஒங்களச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். அதோடு சரி. ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் என்னோடு கதைப்பதில்லை. நான் வைக்கும் தண்ணீரைக் கூடக் குடிப்பதில்லை, தானே கிணற்றில் அள்ளிக் குடிக்கிறாள்.

ஓட்டோ பிடித்து ஆரையம்பதியிலிருந்து ஓட்டமாவடி வரை கடை கடையாகப் போனேன். பச்சைப் பக்கற்று இருந்த இடத்திலெல்லாம் திருப்பி வாங்கினேன். "பழுதாப் போன சாமான்" என்றுதான் சொன்னேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஹலீம் காக்கா இனிக் கலக்க மாட்டேன் என்கிறார். நீ சாப்பாட்டுச் சாமான் பரிசோதிக்கிற பீ.எச்.ஐ.யிடம் போகாதே. குடும்பத்துக்குள் முடித்துக்கொள்வோம்.

உன்னை எனக்குப் பிடித்ததில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நீ எனக்குப் பொய் எழுதவில்லை.

நஸீறா


ஏறாவூர்
28.03.2025

மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளுக்கு இன்னும் சில நாள்தான். நோன்பு உங்களுக்கு இலேசாகப் போகட்டும்.

போன வெள்ளிக்கிழமை மகள் பிறந்தாள். சுகப் பிரசவம், நல்ல எடை. உங்கள் தம்பி வீடியோவில் பார்த்துப் பாங்கு சொல்லப் போய், பாதியில் அழுதுவிட்டார். வாப்பா காதில் பாங்கு சொன்னார்.

பீ.எச்.ஐ.யிடம் போக வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதம் வந்த பிறகு நான் போகாமல்தான் இருந்தேன். இந்த மாதத் தொடக்கத்தில் கிளினிக்கில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். கிரானிலிருந்து வந்தவள், தக்ஷாயினி என்று பெயர். ஆறாம் மாதம். படபடப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பையைத் திறந்தபோது உள்ளே பச்சைப் பக்கற்று. அதற்கு முந்தின கிழமை அரைத்ததாகத் திகதி அடித்திருந்தது. "பத்தியத்துக்கு நல்லதாம் அக்கா, அம்மா வாங்கித் தந்தவ" என்றாள்.

அன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டேன். கலக்க மாட்டேன் என்று உங்கள் புருஷன் சொன்னதை நீங்கள் நம்பலாம். அந்தப் பெண் ஏன் நம்ப வேண்டும்?

இன்னொன்று. என் பிள்ளை எதனால் போனது என்று டொக்டரிடம் மறுபடி கேட்டேன், பக்கற்று விஷயத்தையும் சொல்லி. "கூடக் குடிச்சது நல்லதில்ல. ஆனா அதுதான் காரணம் எண்டு நான் எழுதித் தர மாட்டன்" என்றார். நான் உங்களைப் போலத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நீங்கள் இரவில் என்ன நினைத்துக்கொண்டு படுக்கிறீர்கள் என்பது உங்கள் பாடு.

பிள்ளையைப் பார்க்க வர வேண்டாம். வரச் சொல்லும்போது வரலாம்.

முப்லிஹா


காத்தான்குடி
27.04.2025

முப்லிஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மகளும் சுகமாக இருக்க வேண்டும். பெயர் என்ன வைத்தீர்கள் என்று றம்ஸீன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மில்லைப் பூட்டி சீல் வைத்துவிட்டார்கள். கோர்ட்டில் வழக்கு. ஹலீம் காக்கா உன் பெயரைச் சொல்லி வீட்டில் கத்துகிறார். அதைப் பற்றி எழுத வரவில்லை.

நிஸ்றாவுக்கு பிரஷர் ஏறி, நாளுக்கு முந்தியே பிள்ளை எடுத்துவிட்டார்கள். ஆண் பிள்ளை. இரண்டு கிலோவுக்கும் குறைவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். எதனால் என்று நான் டொக்டரிடம் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

வாட்டுக்குள் ஒரு பெண் துணைக்கு நிற்கலாம். நான் போனேன். "இவங்கள உள்ளுக்கு விட வேண்டாம்" என்று அவள் நேர்ஸிடம் சொல்லிவிட்டாள். தன் மாப்பிள்ளையிடம் உன்னைக் கேட்டாளாம். "முப்லிஹா மாமி வருவாங்களா?"

உனக்கு இன்னும் நாற்பது நாள் முடியவில்லை. கைப்பிள்ளைக்காரி. போ என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. போவாயா என்று கேட்கிறேன்.

நஸீறா


ஆஸ்பத்திரி
09.05.2025

மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கேற்றில் நிற்கும் காவல்காரரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் அவருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள், யன்னலால் தெரிகிறது. இறங்கி வந்து பேச எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

மகளை உம்மாவிடம் விட்டுவிட்டு வந்து போகிறேன். பால் கட்டி நெஞ்சு வலிக்கும்போது அங்கே ஓடுகிறேன், கொடுத்துவிட்டு இங்கே வருகிறேன். நிஸ்றா சுகம். பிரஷர் இறங்கிவிட்டது. பிள்ளையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து இன்றைக்கு அவளுடைய நெஞ்சில் படுக்க வைத்தார்கள். வாயைத் திறந்து தேடினான். முதலில் பிடிக்கத் தெரியவில்லை, பிறகு பிடித்துக்கொண்டான். நிஸ்றா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

உங்களைப் பற்றி அவளிடம் நான் நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை. கெட்டதாகவும் சொல்லவில்லை. முந்தநாள், "ஒங்கட உம்மா கேற்றடியில நிக்கிறாங்க" என்று மட்டும் சொன்னேன். "நிக்கட்டும்" என்றாள். நேற்று நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்குப் பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்த பிறகு, சுவரைப் பார்த்தபடி அவளே கேட்டாள்:

"மாமி, உம்மா இன்னும் நிக்கிறாங்களா?"

ஓம் என்றேன்.

நாளைக்கும் வந்து நில்லுங்கள்.

முப்லிஹா